என்ன கறை, தங்கச்சி?

கல்யாண வெள்ளி விழாவுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது ஜெசிந்தா வீட்டு ஹாலின் வால்பேப்பரைக் கிழித்தார்கள். கிழித்ததும் அடியில் ஒரு தலை அளவுக்கு எண்ணெய்க் கறை ஈரமாக இருந்தது. எட்டு வருஷம் பேப்பருக்குள் மூடிக் கிடந்த கறை, சற்றுமுன்தான் யாரோ எண்ணெய் தேய்த்த தலையோடு வந்து சாய்ந்துவிட்டு எழுந்து போனதுபோல மினுமினுத்தது. பெயின்டர் சுடலைமணி அதை விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "தேங்கெண்ணெய்க்கா, வெந்தயம் போட்டுக் காய்ச்சுனது" என்று சொன்னான். சொல்லிவிட்டு அந்த விரலைத் தன் தலையிலேயே துடைத்துக்கொண்டான்.

தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், சுவிட்ச் போர்டுக்கு நேர் கீழே, சப்பணம் போட்டு உட்கார்ந்த ஒரு பொம்பளையின் பின்னந்தலை எங்கே படுமோ அங்கே இருந்தது கறை. யாருடைய தலை என்று தெரிந்துகொள்ள ஜெசிந்தா தொடவும் வேண்டியதில்லை, மோக்கவும் வேண்டியதில்லை. காது மடல்வரை சூடேறிப்போய், "மழைத் தண்ணி இறங்கியிருக்கும்" என்றாள்.

"மழைத் தண்ணிக்கு வெந்தய வாசம் வருமாக்கா?"

"உன்னைக் கூப்பிட்டது சுவருக்கு. மூக்குக்கு இல்ல."

சுடலைமணி இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை. தூத்துக்குடியில் பாதி வீட்டுச் சுவர்களும் அந்த வீட்டுக்காரிகளின் வாயும் அவனுக்குப் பழக்கம். வெந்நீர் விட்டுப் பழைய பசையை ஒட்டக் கழுவ வேண்டும், ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் ப்ரைமர், பசை கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் எப்பேர்ப்பட்ட ப்ரைமரும் பாலாடை மாதிரி சுருங்கிவிடும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, எந்த ப்ரைமர் என்பதை மட்டும் கடையில் அண்ணாச்சியிடம் அவளே போய்க் கேட்டு வாங்கி வரட்டும் என்றான்.

பெயின்ட் கடை அண்ணாச்சி பெயின்டை விற்பார், ப்ரைமரை எழுதிக் கொடுப்பார், டாக்டர் மாதிரி. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, சுவர் எந்தத் திசை, வெயில் படுமா, பின்னால் பாத்ரூம் இருக்கிறதா என்று வரிசையாக விசாரித்து, சுவரின் சரித்திரம் முழுக்கத் தெரிந்த பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவார். ஜெசிந்தா போன நேரம் கடையில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள்.

"பேப்பர் ஒட்டியிருந்தீங்களா? நல்லா இருக்க சுவத்துல எவனும் பேப்பர் ஒட்ட மாட்டான். அடியில என்ன கறை, தங்கச்சி?"

"ஏதோ ஒரு கறை. நல்ல ப்ரைமரா ஒண்ணு குடுங்க அண்ணாச்சி, அடுப்புல பால் இருக்கு."

"நல்ல ப்ரைமர்னு ஒண்ணு கிடையாது. தண்ணிக் கறைக்கு ஒண்ணு, புகைக் கறைக்கு ஒண்ணு, எண்ணெய்க் கறைக்கு ஒண்ணு. மாத்தி அடிச்சா கறை கோவிச்சுக்கிடும். என்ன கறை?"

எண்ணெய் என்றால் என்ன எண்ணெய் என்பார், தலை எண்ணெய் என்றால் யார் தலை என்பார். பின்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் காது இருக்கிறது.

"தண்ணிக் கறை" என்றாள் ஜெசிந்தா.

வாட்டர் ப்ரைமர் வந்தது, இரண்டு கோட் அடித்தார்கள், ஹால் முழுக்கக் கோழி முட்டை ஓடு மாதிரி வெளுத்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அந்த வெள்ளையின் நடுவே கறை முன்னைவிடக் கொழுகொழுவென்று வந்து உட்கார்ந்திருந்தது, ஒரு சொட்டு எண்ணெய் வழிந்து தரையைத் தொட்டிருந்தது. ஜெசிந்தாவின் புருஷன் இன்னாசி, துறைமுக ஆபீசில் குமாஸ்தா, வேலைக்குக் கிளம்பி நின்றவர், டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தார். "அக்கா இடம்லா இது" என்றார். ஜெசிந்தா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் சுடலைமணி சாப்பிட்ட அசதியில் சுவரடியில் உட்கார்ந்து, தெரியாத்தனமாக அந்த இடத்தில் தலையைச் சாய்த்தான். பெயின்ட் வாசத்தால் பதினோரு வருஷமாக அவனை விடாத தலைவலி, பாதி பீடி குடிக்கிற நேரத்தில், இறங்கிப் போயிற்று. ஆச்சரியப்பட அவனுக்கு நேரமில்லை, டீக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. டீக்கடையில் சொன்னான். சாயங்காலம் பக்கத்து வீட்டு மெற்றில்டா வந்தாள். தெருவில் யார் வீட்டு மீன் குழம்பில் புளி கூடினாலும் தெரிந்து வைத்திருக்கிறவள், இடது நெற்றிப்பொட்டில் நாற்பது வயதிலிருந்து ஒற்றைத் தலைவலி. சாய்ந்தாள், கண்ணை மூடினாள், திறந்தாள், "ஏ ஜெசிந்தா, காபி போடு" என்றாள். அவ்வளவுதான்.

அப்புறம் தெருவே வந்தது. பேப்பர் திருத்திக் கண் எரிந்த டீச்சர்மார் வந்தார்கள், உப்பளத்து வெயிலில் மண்டை காய்ந்தவர்கள் வந்தார்கள், மாமியார் தலைவலி உள்ள மருமகள்களும் மருமகள் தலைவலி உள்ள மாமியார்களும் ஒருவர் போன பிறகு ஒருவராக வந்தார்கள், ரேஷன் கடைக்காரர் மாசத்தின் முதல் வாரம் முழுக்க வந்தார். யாரும் சொல்லாமலே ஒழுங்கு ஏற்பட்டது. பழைய காலண்டர் தாளைக் கிழித்து நம்பர் எழுதினார்கள், காலையில் பெண்கள், மாலையில் ஆண்கள், மாசமாக இருப்பவர்களுக்கு வரிசை கிடையாது. ஷாம்பு போட்டுக் குளித்த தலை சாயலாமா கூடாதா என்று இரண்டு நாள் சண்டை நடந்து, சாயலாம், ஆனால் டை அடித்த தலை கூடாது என்று முடிவாயிற்று. கோயில் தெருக்காரிகள் விளக்கு கொண்டு வந்தார்கள், பள்ளிவாசல் தெருக்காரிகள் ஊதுபத்தி கொண்டு வந்தார்கள், மெற்றில்டா மெழுகுவர்த்தி கொண்டு வந்து நடுவில் வைத்தாள். வழிந்த எண்ணெயைப் பஞ்சில் தொட்டு முழங்காலுக்குப் போட்டவர்களும் உண்டு. அதற்குக் கேட்கவில்லை, தலைக்கு மட்டும்தான்.

சுவர் எதற்கு எண்ணெய் விடுகிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. யாருடைய எண்ணெய் என்பதுதான் பேச்சு. மாதாவின் முக்காடு பட்ட இடம் என்றாள் மெற்றில்டா. வேதத்துக்காகத் தலை வெட்டுண்ட ஏதோ ஒரு கன்னிகை என்றாள் இன்னொருத்தி. பதினேழு வருஷம் அதே இடத்தில் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து பூண்டு உரித்த ஒருத்தியை அவர்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அதில் கள்ளம் எதுவும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த காலத்திலும் வந்தவர்கள் எல்லோரும் அவள் தலைக்கு மேலாக டிவியைத்தான் பார்த்தார்கள்.

அவள் சலேத்மேரி, இன்னாசியின் அக்கா. அம்மா செத்தபிறகு பதினாறு வயதில் இறால் கம்பெனிக்குப் போய், ஐஸ் தண்ணீரில் கைவைத்துத் தோல் உரித்து, விரல் ரேகையெல்லாம் அழிந்துபோகிற வரைக்கும் உரித்து, தம்பியை பி.காம் வரை படிக்க வைத்தவள். கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு நடக்காததற்கு யாரும் காரணம் சொன்னதில்லை, கேட்டதுமில்லை. இறால் வாடை போக வேண்டும் என்று தலைக்கு உச்சி நனைய எண்ணெய் வைப்பாள். ஜெசிந்தா வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவளை "மதினி" என்றுதான் கூப்பிட்டாள். மரியாதையில் குறைவைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. மதினியும் ஜெசிந்தா ஹாலைக் கடக்கும்போதெல்லாம் நீட்டிய காலை மடக்கிக்கொள்வாள், சேலை நுனியை இழுத்துக்கொள்வாள், இந்தா போ என்பதுபோல் ஒதுங்கிக்கொள்வாள்.

இரண்டாவது தடவை கடைக்குப் போனபோது அண்ணாச்சி, "தண்ணிக் கறைன்னா அந்த ப்ரைமர்ல நின்னிருக்கணுமே" என்று தலையைச் சொறிந்தார். ஜெசிந்தா புகைக் கறை என்றாள், கொசுவத்திச் சுருள் அந்த இடத்தில்தான் வைப்போம் என்று ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுத்தாள். ஆயில் ப்ரைமர் வந்தது. தெருவில் எதிர்ப்புக் கிளம்பிற்று, மாதா முக்காட்டில் பெயின்ட் அடிக்கிறாள் என்று வாசலில் கூடி நின்றார்கள். "இது எங்க வீட்டுச் சுவர், நீங்க உங்க தலையைத் தூக்கிட்டு உங்க வீட்டுக்குப் போங்க" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தி அடிக்க வைத்தாள். காய்வதற்குள்ளேயே கறை மேலே வந்தது, இந்தத் தடவை பளபளவென்று கண்ணாடி மாதிரி. வரிசை பழையபடி தொடர்ந்தது.

பத்தாம் நாள், பெண்கள் நேரம் முடிந்து ஆண்கள் நேரம் தொடங்காத இடைவெளியில், ஹாலில் யாரும் இல்லை. ஜெசிந்தாவுக்குத் தலை வெடித்தது. ஊருக்கெல்லாம் நல்லது செய்கிற சுவர் சொந்த வீட்டுக்காரிக்குச் செய்யாதா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் சுவரோடு தரையில் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியாது. தலையைச் சாய்த்தாள். கறை ஒதுங்கிற்று. வலது பக்கமாக ஒரு முழம் நகர்ந்து, சேலையை இழுத்துக்கொள்வதுபோல் தன் ஓரத்தைச் சுருக்கிக்கொண்டு, இந்தா சாய்ந்துகொள் என்று இடம் விட்டது. ஜெசிந்தாவின் தலையில் பட்டது வெறும் சுவர். அவள் வலது பக்கம் நகர்ந்து சாய்ந்தாள், கறை இடது பக்கம் போயிற்று. கோபித்துக்கொண்டு விலகியிருந்தால் சண்டை போடலாம். அது மரியாதைக்கு விலகிற்று. ஜெசிந்தா எழுந்து போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவளோடு கான்வென்டில் படித்த ஏழு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் சோபாவில், டைனிங் நாற்காலியில், நகையும் சென்ட்டும் கணவன்மார்களின் உத்தியோகமுமாக உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் பட்டு கட்டிய லொரெட்டா சுவரைப் பார்த்து, "ஜெஸ்ஸி, அது என்னடி சுவத்துல அசிங்கமா?" என்று கேட்டாள். ஜெசிந்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பாள். கன்னியாஸ்திரிகள் பிரம்பு வைத்துச் சொல்லிக்கொடுத்த பிழையில்லாத இங்கிலீஷில், அது எங்கள் வேலைக்காரி சாய்கிற இடம் என்றாள். அந்த நேரம் சலேத்மேரி ஏழு காபியும் ஒரு தட்டு மக்ரூனுமாக அடுக்களை வாசலைத் தாண்டி ஹாலுக்குள் கால் வைத்திருந்தாள். அஞ்சாம் வகுப்புதான் என்றாலும் ‘சர்வன்ட்’ என்ற அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை தெரியாமல் இந்த நாட்டில் யாரும் இல்லை.

அவள் தட்டைப் போட்டு உடைத்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், "நான் இன்னாசி அக்கா" என்று. சொல்லவில்லை. ஒவ்வொருத்தியாகக் குனிந்து காபி கொடுத்தாள், கொடுத்துவிட்டுக் கதவோரம் கையைக் கட்டி நின்றாள், காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு முழுக்க வேலைக்காரியாகவே நடந்துகாட்டி ஜெசிந்தாவின் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தாள். அடுத்த வாரம் தங்க ரோஜாப்பூ போட்ட வால்பேப்பர் ஒட்டினார்கள். "மதினி, இனிமே சாயாதீங்க, பேப்பர் கெட்டுரும்" என்றாள் ஜெசிந்தா. சலேத்மேரி மூன்று மாசம் முதுகை நட்டுக்கொண்டு உட்கார்ந்து பூண்டு உரித்தாள். அப்புறம் திசையன்விளைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண் பிள்ளைகள் விடுதியில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு பையோடு போய்விட்டாள்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது பங்குச் சாமியார் வந்தார். அவருக்கும் தலை உண்டு, அவரும் சாய்ந்து பார்த்தார், எழுந்து அங்கியைச் சரிசெய்துகொண்டு, "நான் எதையும் இல்லைன்னும் சொல்லல, உண்டுன்னும் சொல்லல" என்றார். சனிக்கிழமை விழாவுக்கு எப்படியும் வீடு மந்திரித்து ஆசீர்வதிக்க வருகிறார், தெரு மொத்தமும் இருக்கும், அன்றைக்கு இந்த இடத்துக்கு ஒரு பேர் வைத்து மேலிடத்துக்கு எழுதலாம். அதற்கு வீட்டுக்காரம்மாள் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தர வேண்டும்.

"என்னன்னு எழுதணும் சாமி?"

"ரெண்டு வரிதான். மனுஷர் யாரும் இதுக்கு முன்ன இந்த இடத்துல தலை வச்சதில்லைன்னு."

மெற்றில்டா உடனே தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். "போடுட்டி. ஒரு கையெழுத்துக்கு என்ன யோசனை? பேங்க்குலயா கேக்காங்க?"

ஜெசிந்தா பேனாவை வாங்கினாள். அவள் கையெழுத்து அழகாக இருக்கும், அதற்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறாள். இன்னாசி வாசற்படியில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சலேத்மேரியை முதலில் வேலைக்காரி ஆக்கியாயிற்று, இப்போது மனுஷியே இல்லை என்று எழுத வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு பெயின்ட் கடைக்கு நடந்தாள். சாமியார் அசையவில்லை, ஆனால் மெற்றில்டாவும் இன்னும் பத்துப் பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

அண்ணாச்சி கண்ணாடியை இறக்கினார். "இன்னும் போகலையா? என்ன கறைதான் தங்கச்சி அது?"

"எண்ணெய். தலை எண்ணெய்."

"யார் தலை?"

"எங்க மதினி தலை. சலேத்மேரி. பதினேழு வருஷம் அங்கதான் சாஞ்சு இருந்தாங்க."

அண்ணாச்சி எழுந்து, ஏணி போட்டு ஏறி, தூசி படிந்த ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தார். "அரக்கு ப்ரைமர். மரத்துக்கு அடிக்கிறது, எண்ணெய்யை உள்ளேயே அடைச்சு வைக்கும். இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே தந்திருப்பேன். உண்மையைச் சொல்லுறதுக்கு ரெண்டு டப்பா ஆயிருக்கு உங்களுக்கு."

தெருவுக்கு அந்தச் சேதி பிடிக்கவில்லை. மாதா என்றால் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம், சலேத்து என்றால் பதில் சொல்ல வேண்டும். மெற்றில்டாவுக்குத் தன் மகள் கல்யாணத்துக்கு முப்பது கிலோ மீனைச் சலேத்தை வைத்துக் கழுவியதும், கடைசிப் பந்தியும் முடிந்தபிறகு அவளுக்குக் கொல்லைப்புறத்தில் இலை போட்டதும் நினைவு வந்து, மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களுக்கும் அவரவர் மீன், அவரவர் கொல்லைப்புறம் நினைவு வந்தது. நம்பர் சீட்டு நின்றுபோயிற்று. ஆனால் தலைவலி நிற்கவில்லையே, அதனால் முன்வாசல் வரிசை பின்வாசலுக்குப் போயிற்று. ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வந்து, "சலேத்து, கொஞ்சம் பொறுத்துக்க" என்று முணுமுணுத்துவிட்டுச் சாய்ந்தார்கள்.

சுடலைமணி டப்பாவைத் தொட மறுத்துவிட்டான். "தெரியாம அடிச்சது ரெண்டு தடவை, ஆண்டவன் மன்னிப்பான். தெரிஞ்சே ஒரு பொம்பளை தலைல ப்ரஷ் வைக்க நான் ஆள் இல்ல. அவங்க சரின்னு சொன்னா அடிக்கேன்."

மறுநாள் ஜெசிந்தா டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது இன்னாசி, "நானும் வரவா?" என்றார்.

"வேண்டாம். நான் செஞ்சதுக்கு நான்தான் போகணும்."

"அக்கா ஏன் போச்சுன்னு எட்டு வருஷமா ஒன்ட்ட நான் கேக்கல" என்றார் அவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "கேட்டா நீ சொல்லிருவியோன்னு பயம்."

விடுதி அடுக்களையில் இடுப்பு உயர அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சலேத்மேரி அதன் பக்கத்தில் முக்காலியில் முதுகை நட்டுக்கொண்டு உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கினாள். தலையைச் சுற்றி ஒரு ஈரத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். கண் இரண்டும் சிவந்து, முகம் வற்றிப்போயிருந்தது. ஜெசிந்தாவைப் பார்த்ததும் பழக்கத்தில் முக்காலியை ஒதுக்கிப் போட்டாள், அப்புறம் ஏன் போட்டோம் என்பதுபோல் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டாள்.

"மதினி, தலைக்கு என்ன?"

"பத்து நாளா மண்டை பொளக்குது. ஒருத்தி தலைவலின்னா தாங்கலாம். ஒரு தெருவுக்குள்ளதும்லா வந்து இறங்குது. இந்த இடது பொட்டுல விண்ணுவிண்ணுங்குதே, இது மெற்றில்டா. பின்மண்டையில கனமா வந்தது யாரோ ஒரு பெயின்ட் வாசம். நேத்து ஒண்ணு வந்துச்சு, சாம்பிராணி வாசத்தோட, சாமியாரா?"

"ஆமா மதினி."

"தம்பி தினமும் காலைல சாயுதான். அவனுக்கு வலியே கிடையாது, சும்மா சாயுதான்." சலேத்மேரி ஒரு காயை எடுத்து நறுக்கி முடித்துவிட்டுக் கேட்டாள். "ஒன்னோடது மட்டும் வரல. ஏன்ட்டி, ஒனக்குத் தலையே வலிக்கலையோ?"

"சாஞ்சேன் மதினி. நீங்க ஒதுங்கிட்டீங்க."

சலேத்மேரி கத்தியில் ஒட்டிய நாரை விரலால் வழித்தாள். "பழகிப்போச்சு" என்றாள்.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்தாள், ஈரத் தரை, சேலை நனைந்தது. டப்பாவை எடுத்து வைத்து, இதை அடித்தால் கறை உள்ளேயே அடங்கிவிடும், மதினி சரி என்றால்தான் அடிக்கலாம் என்றாள். கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்றாள், யார் தலை என்று சொல்லிவிட்டேன், கையெழுத்துப் போடவில்லை, மதினி வர வேண்டும், சனிக்கிழமை முதல் ஆளாக உட்கார வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"என் தலைன்னு சொன்ன. சரி. என்னை என்னன்னு சொன்னேன்னு சொன்னியா?"

ஜெசிந்தா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதைத் தெருக்காரிக கேக்கல. கேட்டவளுக ஏழு பேரு. அவளுககிட்ட சொல்லு."

பள்ளிக்கூடத் தோழிகளுக்கு என்று போனில் ஒரு குரூப் இருந்தது, நாற்பத்தொரு பேர், பிறந்தநாளும் பேரப்பிள்ளைகளின் போட்டோவுமாக ஓடுகிற குரூப். ஜெசிந்தா அதில் வெள்ளி விழா அழைப்பிதழைப் போட்டு, அறுபது பூங்கொத்து வாங்கியிருந்தாள். குரலைப் பதிவு செய்கிற பொத்தானை அழுத்தி, பழைய பழக்கத்தில் இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

"எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லு" என்றாள் சலேத்மேரி.

அழித்துவிட்டுத் திரும்பவும் அழுத்தினாள். "நான் ஜெசிந்தா பேசுதேன். எட்டு வருஷத்துக்கு முன்ன நீங்க எங்க வீட்டுக்கு வந்தப்ப காபி கொண்டுவந்து தந்தவங்க எங்க வேலைக்காரி இல்ல. எங்க மதினி. எங்க வீட்டுக்காரரை இறால் உரிச்சுப் படிக்க வச்சவங்க. நான் பொய் சொன்னேன். அவங்க காதுல விழ, அவங்க கையில தட்டு இருக்கும்போது சொன்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் சொன்னேன். இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு, ஆனா இது வேற." விரலை எடுத்தாள். போய்விட்டது.

அண்டா கொதித்தது. முதல் பதிலாக யாரோ கைகூப்பிய படம் போட்டார்கள். இன்னொருத்தி, பதிவைக் கேட்காமலே, காலை வணக்க ரோஜா அனுப்பினாள். ஒருத்தி யார் இது என்று கேட்டிருந்தாள். அப்புறம் லொரெட்டா எழுதினாள். ஜெசிந்தா அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வாசி" என்றாள் சலேத்மேரி.

"வேண்டாம் மதினி."

"அந்த மஞ்சச் சேலைக்காரியா? வாசி."

ஜெசிந்தா வாசித்தாள். "ஜெஸ்ஸி, எங்களுக்கு அன்னைக்கே தெரியும். நாங்க வந்து இறங்கும்போது அவங்கதான் வாசல்ல குனிஞ்சு உன் சேலை மடிப்பை எடுத்து விட்டுக்கிட்டு இருந்தாங்க. உன் வீட்டுக்காரர் போட்டோவும் அவங்க முகமும் ஒரே அச்சு, எங்களுக்குக் கண்ணு தெரியாதா? உனக்குக் கஷ்டமா இருக்கும்னு யாரும் கேட்டுக்கல." அடுத்தடுத்து ஆறு பேர் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள்.

ஒருத்தியும் நம்பவில்லை. எட்டு வருஷம், ஒரு மனுஷி, ஒரு சுவர், எல்லாம் ஒருத்திகூட நம்பாத ஒரு பொய்க்கு. ஜெசிந்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்ட இருட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தாள். சலேத்மேரி சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் தொடங்கி, தோள் குலுங்கி, முருங்கைக்காய்த் துண்டுகள் மடியிலிருந்து உருள, தலைத் துண்டு அவிழ்ந்து கழுத்தில் விழ, "ஏழு காபி குனிஞ்சு குனிஞ்சு குடுத்தேனேட்டி, இடுப்பு ஒடிய நடிச்சேனே, எல்லாவளுக்கும் தெரியுமாமே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஜெசிந்தாவால் சிரிக்க முடியவில்லை. சிரிக்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் சலேத்மேரி துண்டை எடுத்துப் பிழிந்து மறுபடியும் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "உன்னை மன்னிச்சேன்னு நினைச்சுக்கிடாத. இந்தத் தலைவலிக்குத்தான் வாரேன். நீ அடிச்சா ஓரம் விட்டுருவ, நானே பக்கத்துல நின்னு பாக்கணும், ரெண்டு கோட் போடச் சொல்லணும். விழாவுக்கு நிப்பேனா மாட்டேனான்னு அங்க வந்து சொல்லுதேன்."

"சரி மதினி."

"பிள்ளைகளுக்குச் சோத்தைப் போட்டுட்டு சிஸ்டர்ட்ட லீவு சொல்லிட்டு வாரேன். ரெண்டு மணி பஸ்ல இடம் கிடைக்கும்." எழுந்து, கரண்டியை எடுத்து, சாம்பாரை அடியோடு ஒரு கிண்டு கிண்டினாள். பிறகு திரும்பி அந்தச் சின்ன டப்பாவைப் பார்த்தாள். "மூடியைச் சரியா அமுக்கு. பஸ்ல நமக்கு நடுவுல வச்சுக்கிட்டா சிந்தாது."